தேர் வகுத்த ஊர்: ஸ்ரீவில்லிபுத்தூரின் பழைய நகரை எப்படிக் காப்பது?

பழைய நகரம் என்றால் நம் மனத்தில் முதலில் எழுவது மதில்தான். உயர்ந்த கல்சுவர், வாசல்கள், அகழி, உள்ளே நெருக்கமான தெருக்கள். மத்தியதரைக் கடலோரத்து ஊர்களின் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சித்திரம் இன்னும் அழுத்தமாகப் பதிந்திருக்கும். தமிழ்நாட்டில் இந்த அளவுகோலை வைத்துத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். மதுரையின் கோட்டை இல்லை. தஞ்சையின் கோட்டை துண்டு துண்டாக நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரையோ கோட்டை நகரம் என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் வீதிகளின் ஒழுங்கு, அவற்றில் நடக்கும் விழாக்கள், அவற்றைத் தாங்கும் நீர்நிலைகள், அங்கேயே குடியிருக்கும் மக்கள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தால், மதில் சூழ்ந்த பல உலகப்புகழ் நகரங்களைவிட ஸ்ரீவில்லிபுத்தூர் முழுமையான பழைய நகரம். அந்த முழுமைக்குக் காரணம் என்ன, அதைக் குலைக்கக்கூடியவை எவை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மதுரை இழந்ததும் இழக்காததும்

ஸ்ரீவில்லிபுத்தூரைப் புரிந்துகொள்ள மதுரையிலிருந்து தொடங்க வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பாண்டியர் காலப் பழைய கோட்டையை அகற்றி, அதைவிட அகன்ற பரப்பில் இரட்டை மதிலும் அகழியும் கொண்ட புதிய கோட்டையை எழுப்பினார். அதன் கொத்தளங்கள் 72 என்றும், ஒவ்வொன்றையும் காக்கும் பொறுப்பு ஒரு பாளையக்காரரிடம் விடப்பட்டது என்றும் மரபு சொல்கிறது. 1763, 1764ஆம் ஆண்டுகளில் கான்சாகிப் என்கிற யூசுப்கான், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையையும் ஆற்காட்டு நவாபின் படையையும் மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தியது இந்த மதில்களை நம்பித்தான். அவர் வீழ்ந்ததுகூட மதில் உடைந்ததால் அல்ல, உள்ளிருந்தவர்கள் பிடித்துக்கொடுத்ததால்.

பீரங்கியும் பேரரசும் மாறிய பிறகு மதிலுக்குப் பயன் இல்லாமல் போயிற்று. அகழியில் நீர் தேங்கி நோய் பரவியது. ஊரும் மதிலுக்குள் நெருக்கியடித்துக் கிடந்தது. 1834 முதல் 1847 வரை மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். இடித்துச் சமன்செய்து தருபவர்களுக்கு அந்த நிலத்தில் மனை தரப்பட்டது. மதில் நின்ற தடத்தில் வெளிவீதிகள் உருவாயின. அளவைப் பணியில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள் இன்றும் வீதிப் பெயர்களாக இருக்கின்றன. பெரியார் பேருந்து நிலையம் அருகே நிற்கும் கொத்தளமும், பாண்டியர் கோட்டையின் மிச்சமான விட்டவாசலும்தான் கண்ணுக்குத் தெரியும் எச்சங்கள்.

இவ்வளவு பெரிய இடிப்புக்குப் பிறகும் மதுரையின் பழைய நகரம் கலையவில்லை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என ஒன்றைச் சுற்றி ஒன்றாகக் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் அப்படியே நின்றன. அந்தந்த வீதியில் அந்தந்த விழா நடந்துகொண்டே இருந்ததுதான் காரணம். மாசி வீதியில் சித்திரைத் தேர் ஓட வேண்டும் என்ற தேவை ஆண்டுதோறும் அந்த வீதியின் அகலத்தை மறுபடி மறுபடி உறுதிசெய்தது. மதில் போன பின்னும் ஊரின் வடிவத்தைக் காத்தது இந்த வழக்கமே.

கடலோரக் கோட்டைகள் சொல்வது

இதற்கு நேர்மாறான அனுபவம் மத்தியதரைக் கடலின் கரைகளில் கிடைக்கிறது. குரோவேசியாவின் துப்ரோவ்னிக் நகரத்து மதில் ஏறக்குறைய 1,940 மீட்டர் நீளம். 1667 நிலநடுக்கத்தையும் 1991, 1992ஆம் ஆண்டுகளின் குண்டுவீச்சையும் தாங்கி நின்றது. 1979இலேயே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கல்லைப் பொறுத்தவரை இதைவிடக் கவனமாகக் காக்கப்பட்ட நகரம் அரிது. ஆனால் 1991இல் சுமார் ஐயாயிரம் பேர் வாழ்ந்த அந்த மதிலுக்குள், கால் நூற்றாண்டில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் குறைவானவர்களே மிஞ்சினார்கள். வீடுகள் விடுதிகளாயின; அன்றாடச் சாமான் விற்ற கடைகள் சுற்றுலாப் பொருள் விற்கத் தொடங்கின. பார்சிலோனா இதற்கு எதிர்த்திசையில் சென்றது. 1854இல் தன் மதிலை இடிக்கத் தொடங்கி, அதற்கு வெளியே இல்டெபான்ஸ் செர்தா வகுத்த கட்டத் திட்டத்தில் விரிந்தது.

நமக்குப் பக்கத்தில் இலங்கையின் காலிக் கோட்டை இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் தொடங்கியதை 1640இல் டச்சுக்காரர் கைப்பற்றி விரிவாக்கினர். 1988இல் அது உலக மரபுரிமைத் தலமானது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது கோட்டைக்கு வெளியே பேருந்து நிலையமும் கிரிக்கெட் மைதானமும் மூழ்கின. மதிலுக்குள் இருந்த பழைய நகரம் பெரிய சேதமின்றித் தப்பியது. கடலைத் தடுத்த அதே மதிலால் மனை விலையைத் தடுக்க முடியவில்லை. சுற்றுலா வளர வளர, பல தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களின் வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் வெளியார் சொத்துகளாகவும் மாறின.

மதில் பகையைத் தடுக்கும். சில வேளை அலையையும் தடுக்கும். ஒரு தெருவில் தெருவாசிகளே தொடர்ந்து வாழ்வதற்கு அது பொறுப்பேற்காது. அந்தப் பொறுப்பை வேறொன்று ஏற்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் அதை எது ஏற்றது என்று பார்க்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் அடுக்குகள்

ஊரின் நடுவில் ஒரு கோயில் அல்ல, இரண்டு கோயில்கள். கிழக்கே வடபத்ரசாயி கோயில். ஆலிலையில் பள்ளிகொண்ட பெருமாள். பதினொரு நிலை கொண்ட, 192 அடி உயர ராஜகோபுரம் இதற்கு உரியது. அதற்குத் தென்மேற்கே ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளியிருக்கும் நாச்சியார் கோயில். இரண்டுக்கும் இடையே, பெரியாழ்வார் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்ததாக மரபு போற்றும் நந்தவனம். பெருங்கோபுரத்துக்கும் பெரும் மண்டபங்களுக்கும் இடையே ஒரு துளசித் தோட்டத்துக்கு நூற்றாண்டுகளாக இடம் விட்டுவைத்த ஊர் அமைப்பு இது. இங்கே சோழ, பாண்டிய, நாயக்கர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. இன்று நாம் பார்க்கும் மண்டபங்களில் பலவும் நாயக்கர் காலத்தவை. திருமலை நாயக்கர் (1623–1659) இக்கோயிலோடு நெருங்கிய உறவு கொண்டவர். ஊருக்குள் அவர் பெயரால் ஒரு மகாலும் உள்ளது. பிற்காலத்தில் அது நெடுநாள் நீதிமன்றமாக இயங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பூசை முடிந்ததை மதுரையில் அறிந்துகொள்ள வழிநெடுக நகரா மண்டபங்கள் கட்டி முரசறையச் செய்தார் என்பது இப்பகுதியில் வழங்கும் செய்தி.

கோயில் மதிலுக்கு வெளியே மாட வீதிகள். அவற்றுக்கு வெளியே ரத வீதிகள். அதையும் தாண்டி தொழில் செய்வோரின் தெருக்களும் கடைத்தெருக்களும். சற்றுத் தள்ளி மடவார்வளாகத்தில் வைத்தியநாதசுவாமி கோயில். பிறகு குளங்கள், கண்மாய்கள், வயல்கள், மலை. இந்த அடுக்கு ஒருவகையில் மதுரையின் சிறிய வடிவம். வேறுபாடு என்னவென்றால், மதுரையில் வீதி வளையங்களுக்கு வெளியே பெருமதில் இருந்தது. இங்கே ஊரின் எல்லையைக் கண்மாய்க் கரையும் வயலும் வகுத்தன.

போர் இந்த ஊரைத் தீண்டாமல் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், ஆற்காட்டு நவாபின் தரப்புக்கும் பூலித்தேவர் முதலான பாளையக்காரர்களுக்கும் நடந்த மோதல்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு முக்கியமான நிலை. ராபர்ட் ஆர்ம் எழுதிய போர் வரலாறு இதை மலையடிவாரத்துக் கோட்டையாகவே காண்கிறது. மதுரைக்கும் நெல்லைச் சீமைக்கும் இடையிலுள்ள மலையோர வழியில் இருந்ததால் படைகளுக்கு இது தேவைப்பட்டது. படைகள் போயின, கோட்டை என்ற நிலையும் மறைந்தது. ரத வீதிகள் நிலைத்தன.

தேர் கேட்கும் இடம்

ஆடிப்பூரம் ஆண்டாளின் பிறந்தநாள். அதையொட்டிய விழாவின் ஒன்பதாம் நாள் ஓடும் தேர், தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று. மரச்சக்கரங்கள் இருந்த காலத்தில் தேர் புறப்பட்டு நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வர நாள்கணக்கில் ஆகும். இரும்புச் சக்கரங்கள் பொருத்திய பின் அது சில மணி நேரப் பயணமாயிற்று. காலம் குறைந்தாலும் தேர் கேட்கும் இடம் குறையவில்லை.

தேருக்குத் தேவையானதைப் பட்டியலிட்டுப் பார்த்தால் அது ஒரு நகரமைப்புச் சட்டம் போலவே இருக்கும். வீதி, தேரின் அகலத்தோடு இருபுறமும் மக்கள் ஒதுங்கி நிற்கும் இடமும் கொண்டதாக இருக்க வேண்டும். நீண்ட வடத்தை நேராக இழுக்க வீதி வளையாமல் போக வேண்டும். வீதி முனையில் தேர் திரும்பும்போது முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்தின் பக்கத்திலேயே நின்று வேலை செய்வார்கள். அவர்களுக்கு ஆபத்தில்லாத அளவுக்கு முனை விரிந்திருக்க வேண்டும். எடையைத் தாங்கும் தரை வேண்டும். பள்ளமும் உடைந்த சாக்கடை மூடியும் கூடாது. மாடியிலிருந்து வீதிக்குள் நீளும் தாழ்வாரம், பெயர்ப்பலகை, மின்கம்பி எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. தேர் நிற்கத் தேரடி வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த ஆண்டே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தன் வீட்டுப் படியை வீதிக்குள் ஓரடி நீட்டியவருக்கு நகராட்சி அறிவிப்பைவிட, தேர் வரும் நாள் வலிமையான எச்சரிக்கை.

தேர் ஒரு நாள் மட்டுமே. மற்ற நாட்களிலும் வீதிகளுக்கு வேலை இருக்கிறது. ஆடிப்பூர விழாவின் ஐந்தாம் நாளில் ஐந்து கருட சேவை. பெரிய பெருமாளான வடபத்ரசாயியும் ரங்கமன்னாரும் மட்டுமல்லாமல், சுற்றுவட்டாரத்துக் காட்டழகர் கோயில் சுந்தரராஜப் பெருமாள், திருவண்ணாமலை ஸ்ரீனிவாசப் பெருமாள், திருத்தங்கல் அப்பன் ஆகியோரும் இங்கே கூடி வீதியுலா வருவார்கள். ஏழாம் நாள் கிருஷ்ணன் கோயிலில் சயன சேவை. பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம். மார்கழிப் பகல்பத்தின் தொடக்கத்தில் ஆண்டாள் தன் பிறந்தகமாகப் போற்றப்படும் வேதபிரான் பட்டர் திருமாளிகைக்கு எழுந்தருளுவாள். வீட்டு மகளை வரவேற்பதுபோலக் காய்கறிகளைப் பரப்பிவைத்து எதிர்கொள்ளும் பச்சைப் பரப்புதல் அங்கே நடக்கும். நகர வரலாற்றை ஆராய்பவருக்கு இந்த நிகழ்வு மிக முக்கியமானது. தெய்வம் ஒரு வீட்டுக்கு வர வேண்டுமானால் அந்த வீட்டில் யாராவது வாழ்ந்தாக வேண்டும். துப்ரோவ்னிக் இழந்த குடியிருப்பை இங்கே விழாவே ஆண்டுதோறும் கேட்டு வாங்குகிறது.

இந்த வீதிகளின் தொடர்பு ஊரோடு முடியவில்லை. ஆண்டாள் சூடிய மாலை சித்திரையில் மதுரைக்குக் கள்ளழகருக்காகவும், புரட்டாசியில் திருப்பதிக்குக் கருட சேவைக்காகவும் செல்கிறது. நந்தவனம், பூ தொடுப்பவர்கள், மாலையைச் சுமந்து செல்பவர்கள், அதற்காகக் காத்திருக்கும் பெருநகரங்கள் என்று நீளும் சங்கிலியின் முதல் கண்ணி இந்தப் பழைய நகரம்.

நீரும் வழித்தடமும்

மலை மேற்கே, நிலம் கிழக்கே சரிகிறது. மழைக்காலத்தில் ஓடைகளில் இறங்கும் நீரைக் கண்மாய்கள் ஏந்தி, மதகுகள் வழியாக வயலுக்கும் அடுத்த கண்மாய்க்கும் விடுவது இப்பகுதியின் பாசன ஒழுங்கு. ஊருக்குள் இருக்கும் திருமுக்குளம் அந்த நீர் ஒழுங்கின் பகுதி. மார்கழி நீராட்டு விழாவில் ஆண்டாள் எழுந்தருளுவது அதன் கரையிலுள்ள நீராட்டு மண்டபத்துக்குத்தான்.

குளத்தைக் காப்பது என்றால் படிக்கட்டைச் செப்பனிட்டு வேலி போடுவது என்று இப்போது ஆகிவிட்டது. குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, எந்த மனைக்கு அடியில் மறைகிறது, எங்கே சாக்கடையோடு கலக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. வரத்துக்கால் அடைபட்ட குளம் அழகான கல்தொட்டியாக மட்டுமே நிற்கும். வீட்டுக் கிணறுகளின் ஊற்றும் இந்தக் குளங்களை நம்பியது. நிலத்தடி நீர் இறங்கினால் பழைய வீட்டில் வாழ்வது கடினமாகும்; வசதியுள்ளவர்கள் புறநகர் மனைகளுக்குப் பெயர்வார்கள். தேர் வீதி காலியாவதற்கு நீரும் ஒரு காரணமாக முடியும்.

வீதிக்குள் இருந்த மதில்

வளையமாக அமைந்த கோயில் நகரத்தைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த வளையங்கள் சாதிப் படிநிலையின் வரைபடமாகவும் இருந்தன. கோயிலுக்கு அருகில் யார் குடியிருக்கலாம், எந்த வீதியில் யார் நடக்கலாம், எந்தக் குளத்தில் யார் நீர் எடுக்கலாம் என்பதெல்லாம் பிறப்பால் தீர்மானிக்கப்பட்டன. கல்மதில் இல்லாத ஊர்களிலும் இந்த மதில் இருந்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோரும் நாடார் சமூகத்தவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டப் பாதுகாப்பும் வந்தது. அந்த மதிலில் விழுந்த பெரிய உடைப்பு அது.

எனவே பழைய நகரைக் காப்பது என்பது பழைய உரிமைப் பங்கீட்டைக் காப்பதாக ஆகிவிடக் கூடாது. வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கான கைகள் எல்லாச் சமூகத்துக்கும் உரியவை. வீதியில் கடை வைக்கவும் வீடு வாங்கவும் அதே உரிமை எல்லாருக்கும் உண்டு. அகலமான வீதி எல்லாருக்கும் திறந்திருக்கும்போதுதான் அது பொதுச் சொத்து என்ற தகுதியைப் பெறுகிறது.

ராஜபாளையத்துச் சாவடிகள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில் ராஜபாளையம். விஜயநகரக் காலத்துக்குப் பின் இங்கே வந்து குடியேறிய ராஜுக்கள், பழையபாளையம், புதுப்பாளையம் என்ற பகுதிகளில் தங்கள் குடியிருப்புகளை அமைத்தனர். அவர்களின் தெருக்கூட்டங்கள் சிங்கராஜாகோட்டை, சக்கராஜாகோட்டை என்றெல்லாம் அழைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் மையமாக இருப்பது சாவடி. திருமணப் பேச்சு, பங்காளி வழக்கு, விழா ஏற்பாடு எல்லாவற்றுக்கும் அதுவே கூடுமிடம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊரை நிலைநிறுத்தியது தேர் என்றால், ராஜபாளையத்தில் அதைச் செய்தது சாவடி. 1930களில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸும் தொடர்ந்து வந்த நூற்பாலைகளும் ஊரை ஆலை நகரமாக மாற்றின. அந்த மாற்றத்துக்கு நடுவிலும் பழைய தெருக்கூட்டங்கள் கலையாமல் இருந்ததற்குச் சாவடி போன்ற பொது அமைப்புகளின் பங்கு பெரிது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசுவாமி ராஜா தன் வீட்டையே பொதுவுக்குக் கொடுத்தார். அது காந்தி கலைமன்றமாக நிலைத்தது. ஒரு தனி வீடு விற்பனைக்கோ இடிப்புக்கோ போகாமல் ஊரின் பயன்பாட்டுக்கு வந்ததற்கு இதைவிட நல்ல முன்மாதிரி இந்த வட்டாரத்தில் தேடவேண்டியதில்லை.

எதைக் காப்பது?

நம் சட்டங்கள் கட்டடத்தைக் காக்கத் தெரிந்தவை. மத்தியத் தொல்லியல் சட்டத்தின் 2010 திருத்தம் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப்பகுதியாகவும், அடுத்த 200 மீட்டரைக் கட்டுப்பாட்டுப் பகுதியாகவும் வகுத்தது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என 1997 அரசாணை சொல்கிறது. தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. இவை எல்லாம் தேவை. ஆனால் உயரத்தை அளக்கும் விதி வீதியின் அகலத்தை அளப்பதில்லை; கோபுரத்தைப் பட்டியலிடும் பதிவேடு வரத்துக்காலைப் பட்டியலிடுவதில்லை. திண்ணையும் முற்றமும் கொண்ட ஓட்டு வீட்டை இடித்து, தெரு விளிம்புவரை கடை எழுப்பினால் எந்த விதியும் மீறப்படாமலே ஒரு வீதியின் முகம் மாறிவிடும்.

மாற்றமே கூடாது என்பது என் வாதமில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா இவ்வூரின் கடைத்தெருக்களுக்குப் பெரிய வாழ்வாதாரம். கோயிலுக்கு வருபவர்கள் வாங்கிச் செல்ல, மாடு வளர்ப்பவர் முதல் கிண்டுபவர்வரை பலர் பிழைக்கிறார்கள். பழைய நகரில் வேலை இருந்தால்தான் மக்கள் இருப்பார்கள். கடை முகப்பில் இருக்கட்டும். மேலேயும் பின்னாலும் குடும்பம் வாழட்டும். கேடு தொடங்குவது குடும்பம் முழுக்க வெளியேறி, வீதி முழுக்கக் கடையும் கிடங்கும் விடுதியும் ஆகும்போது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவது, ரத வீதிகளையும் மாட வீதிகளையும் அவற்றின் முனைகளையும் துல்லியமாக அளந்து, அந்த அகலத்தை மாற்ற முடியாத பொது அளவாக நகராட்சிப் பதிவில் ஏற்ற வேண்டும். இரண்டாவது, திருமுக்குளத்துக்கும் பிற நீர்நிலைகளுக்கும் வரும் கால்வாய்களைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வரைபடமாக்கி, வருவாய்த் துறை ஆவணங்களோடு ஒப்பிட்டு மீட்க வேண்டும். மூன்றாவது, பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே அதைச் செப்பனிடுபவருக்குச் சொத்துவரிச் சலுகையும் தொழில்நுட்ப உதவியும் தர வேண்டும். ஓடு மாற்றவும் சுண்ணாம்புக் காரை பூசவும் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவருவதால் அவர்களுக்குப் பயிற்சியும் கூலியும் உறுதிப்பட வேண்டும். நான்காவது, மின்கம்பிகளை ரத வீதிகளில் நிலத்தடியில் கொண்டுசெல்ல வேண்டும். ஐந்தாவது, விழாக்களின் தடம், நேரம், அதில் பங்குகொள்ளும் தெருக்கள், தொழில்கள் ஆகியவற்றை ஆவணப்படுத்த வேண்டும். முட்டுக்கட்டை போடுபவரின் கைத்திறனும் இந்த நகரின் கட்டடக் கலையைச் சேர்ந்ததுதான்.

இவற்றில் எதற்கும் பெருமதில் கட்டும் செலவு இல்லை. அறநிலையத் துறையும் நகராட்சியும் வருவாய்த் துறையும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதல் இரண்டு வேலைகளை அடுத்த ஆடிப்பூரத்துக்கு முன்பே தொடங்கிவிடலாம். தேருக்காக ஆண்டுக்கு ஒருமுறை நாம் ஒழித்துத் தரும் வீதியை, அதில் வாழும் மக்களுக்காக ஆண்டு முழுக்க ஒழித்து வைக்கும் சட்டமும் பழக்கமுமே ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேவை.